ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய இயர்போனில் ஒரு முனை அவள் காதில், இன்னொரு முனை என் காதில். கணினியில் திறந்திருந்தது நான் எழுதிய அறிவியல் பாடம். அதற்கு முன் ஆறு வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் பாடங்கள் தயாரித்துக்கொண்டிருந்தவள் நான், ஆனாலும் என் பாடம் ஒன்றை ஒரு தடவைகூடக் காதால் மட்டும் கேட்டதில்லை. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் படிக்கிறாள். பாடத்தைத் திறந்ததும் அது ஏதோ கடகடவென்று சொன்னது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் கேட்டுப் பழகிய வேகம் அப்படி. அவளுக்காவது புரிந்திருக்கும் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வலது அம்புக்குறியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்திருந்தாள். ஜே. கே. பி. ஓ. செமிகோலன்.

பாடத்தின் தலையில் 'தமிழ்வழி அறிவியல்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். அதன் முதல் சொல்தான் அது. 'தமிழ்'.

அவள் கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. "வேற ஃபைல் இருக்கா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். இதே கேள்வியை எத்தனை பேரிடம் எத்தனை தடவை கேட்டுப் பழகியிருப்பாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. என்னிடம் வேறு ஃபைல் இல்லை.

அன்றைக்கு நடந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழில் பாடம் தயாரிக்கிற பாதிப் பேர் இன்னும் இந்த இடத்திலேயே தடுக்கி விழுகிறோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறைதான் யூனிகோடு. அது 1991-ல் வந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அச்சுக்கூடங்களும் டிடிபி ஆட்களும் பல வருஷம் பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்களிலேயே வேலை பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள். அந்த ஃபான்ட்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள். கண்ணுக்கு 'தமிழ்' என்று தெரியும், கணினிக்கு அது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். 'மழை' என்றால் கே, ஐ, ஓ. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. கேட்கிறவளுக்குப் பாடமே இல்லை.

சரி, யூனிகோடில் தட்டச்சு செய்துவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. தமிழில் கொம்பு எழுத்துக்குமுன் நிற்கும், ஆனால் யூனிகோடு அதை எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கும். சில மென்பொருள்களில் பிடிஎஃப் ஆக்கும்போது இந்த வரிசை குலைந்துபோகும். 'கொடு' என்பது உள்ளே 'ெகாடு' என்று ஆகிவிடும், ஒற்றைக் கொம்பு அநாதையாக ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். ஸ்கிரீன் ரீடர் அதை எப்படி வாசிக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். சரியான தமிழ் வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். குப்பையாக வந்தால் அந்தப் பிள்ளைக்கும் குப்பைதான் போகிறது. நகலெடுக்கவே முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம், அவளுக்கு வெறும் மௌனம். என் பாடங்களில் மூன்று ரகமும் இருந்தன.

ஸ்கேன் பக்கங்களை எழுத்தாக மாற்ற ஓசிஆர் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் தமிழையும் படிக்கும். ஆனால் மாற்றியதை ஒரு மனிதர் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்த வேண்டும். ஒரு புள்ளி விழுந்தால் போதும், 'பல்' 'பல' ஆகிவிடும். பாடப்புத்தகத்தில் அது சின்னப் பிழை இல்லை.

ஸ்கிரீன் ரீடர் என்றதும் விலை உயர்ந்த ஏதோ ஒன்று என்று நினைக்க வேண்டாம். அவள் பயன்படுத்துவது என்விடிஏ. பார்வையற்ற நிரல் எழுத்தாளரான மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கியது, அவரோடு ஜேமி டே என்ற இன்னொரு பார்வையற்ற நிரலாளரும் சேர்ந்துகொண்டார். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அன்றைக்கு இரவே நானும் என் கணினியில் போட்டேன். திரையை அணைத்துவிட்டு என் பாடங்களைக் கேட்க உட்கார்ந்தேன். இருபது நிமிஷத்துக்குமேல் முடியவில்லை, கண்ணீர் வந்துவிட்டது. என் பாடத்தில் நான் தொலைந்துபோயிருந்தேன்.

தொலைந்துபோவது என்று சொன்னதை விளக்க வேண்டும். கண் தெரிகிறவர்கள் புத்தகத்தை எப்படிப் படிக்கிறோம்? புரட்டுகிறோம். பெரிய எழுத்து எங்கே, கட்டம் போட்ட பகுதி எங்கே, பயிற்சிக் கேள்வி எங்கே என்று ஒரு நொடியில் கண் தேடிக்கொள்ளும். அவளுக்கும் அப்படிப் புரட்ட வழி இருக்கிறது. எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, டி தட்டினால் அடுத்த அட்டவணை, ஜி தட்டினால் அடுத்த படம். 1, 2, 3 என்று எண்களைத் தட்டினால் அந்தந்த நிலைத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் இதெல்லாம் தலைப்பைத் தலைப்பு என்று குறித்து வைத்தவர்களின் பாடத்தில்தான் நடக்கும். நான் என்ன செய்திருந்தேன்? வோர்டில் சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நீல நிறம் கொடுத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. கணினியைப் பொறுத்தவரை அது இன்னொரு பத்தி, அவ்வளவுதான். 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்று மேலே பட்டையிலேயே இருக்கிற பாணிகளை ஆறு வருஷமாக நான் தொட்டதே இல்லை. அதன் விளைவு, 40 பக்கப் பாடத்தில் கடைசிக் கேள்விக்குப் போக அவள் கீழ் அம்புக்குறியை வரிக்கு வரி தட்டிக்கொண்டே போக வேண்டும், வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பதில் எழுதி முடித்திருப்பார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடக்கூடியவை. எனக்கும் அப்படித்தான் ஆனது, அப்புறம் பாடங்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி, தலைப்புகளைக் குறித்து, பட்டியல்களைப் பட்டியல்களாக்கி முடித்தேன். அதற்கு அப்புறம்தான் படங்களுக்கு வந்தேன். என்னை உண்மையில் மாற்றியது அந்த வேலைதான்.

ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை எழுத வேண்டும், அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்கு ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்ல வேண்டிய வார்த்தைகள். முதல் படம் நீர்ச்சுழற்சி. 'நீர்ச்சுழற்சிப் படம்' என்று எழுதினேன். எழுதிய கையோடு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் மேலே தலைப்பிலேயே நீர்ச்சுழற்சி என்றுதான் இருக்கிறது. அழித்துவிட்டு, படத்தில் இருக்கிற அத்தனையையும் எழுதினேன். இடப்பக்கம் மலை, அதன் உச்சியில் வெள்ளைப் பனி, வலப்பக்கம் கடல், மேலே மஞ்சள் சூரியன், நடுவில் மூன்று மேகங்கள், இரண்டு வெள்ளை, ஒன்று சாம்பல், அம்புக்குறிகள் நீல நிறம். ஒரு பக்கத்துக்கு வந்தது. பெருமையோடு அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லா இருக்கு டீச்சர். ஆனா மேகம் என்ன கலர்னு எனக்கு எதுக்கு? தண்ணி எங்கிருந்து கிளம்பி எங்க போகுதுன்னு சொல்லுங்க."

பதிமூன்று வயதுப் பிள்ளை. பாடம் எழுதுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அந்தப் படம் எதற்காக அங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே கிடையாது. நீர்ச்சுழற்சிப் பாடம் என்றால் நீர்ச்சுழற்சிப் படம் இருக்கும், அதனால் வைத்திருந்தேன். இப்போது எழுதினேன்: 'சூரிய வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி மேலே செல்கிறது. செடிகளின் இலைகளிலிருந்தும் நீராவி மேலே சேர்கிறது. உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. மேகம் மலைமேல் மழையாகவும் பனியாகவும் பெய்கிறது. அந்த நீரில் ஒரு பகுதி ஆறாக ஓடியும் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கியும் மறுபடி கடலை அடைகிறது.' ஆறேழு வரிதான். எழுதி முடித்ததும் எனக்கே அந்தப் படம் முதல் தடவையாகப் புரிந்த மாதிரி இருந்தது. அந்த வரிகளைப் பார்வையுள்ள பிள்ளைகளுக்கான பாடத்திலும் படத்துக்குக் கீழே சேர்த்துவிட்டேன், அவர்களில் பலர் அம்புக்குறிகளைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறவர்கள்தான்.

மாற்றுரை என்பது தொழில்நுட்ப வேலை, கடைசியில் ஒரு கணினிப் பையனிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நான் அதை முழுமையாக மறுக்கிறேன். அந்தப் படம் என்ன கற்றுத்தர வந்தது என்று தெரிந்தவர்தான் அதை எழுத முடியும், அவர் பாடம் எழுதிய ஆசிரியர். ஒரே படத்துக்கு இரண்டு பாடத்தில் இரண்டு மாற்றுரை வரும். மலையும் கடலும் இருக்கிற அதே படம் ஓவியப் பாடத்தில் வந்திருந்தால் மேகத்தின் நிறம்தான் முக்கியம், அப்போது நீர் எங்கே போகிறது என்பது வேண்டாத பேச்சு. இன்றைக்கு ஏஐ கருவிகள் நொடியில் படத்தை விவரித்துக் கொடுக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன், வரைவுக்கு உதவுகிறது. ஆனால் அவை சொல்வது பெரும்பாலும் நான் எழுதிய அந்த ஒரு பக்க விவரிப்பு மாதிரிதான் இருக்கும், எல்லாம் இருக்கும், எது வேண்டும் என்பது இருக்காது. நேரம் எடுத்துத் திருத்தத் தெரிந்தவர் கையில் மட்டும்தான் அது பயன்படும்.

தேர்வுக் கேள்வியில் வரும் படங்கள் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவை. 'இது என்ன வகை முக்கோணம்?' என்று கேட்டுவிட்டு மாற்றுரையில் 'சமபக்க முக்கோணம்' என்று எழுதினால் விடையையே கொடுத்த மாதிரி. 'முக்கோணம்' என்று மட்டும் எழுதினால் கேள்வியே போய்விடும். மூன்று பக்கங்களின் அளவையும் எழுதினால் அவளும் மற்றவர்களைப் போல யோசித்துத்தான் விடை சொல்ல வேண்டும், அவளுக்கு வேண்டியதும் அதுதான். வரைபடம் என்றால் அதன் எண்களை ஓர் அட்டவணையாகப் பக்கத்தில் கொடுப்பது நல்லது. வெறும் அலங்காரத்துக்கு வைத்த பூ, கோடு, மூலைச் சித்திரம் எதற்கும் விவரிப்பு வேண்டாம். ஆனால் அதை 'அலங்காரம்' என்று குறித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சில சமயம் ஸ்கிரீன் ரீடர் அந்தக் கோப்பின் பெயரையே படிக்கும். 'ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் 2043 டாட் ஜேபிஜி'. பாடத்தின் நடுவில் இப்படி எட்டு தடவை.

கணக்கு என்னை நிறையக் கஷ்டப்படுத்தியது. சமன்பாடுகளை எல்லாம் படமாக ஒட்டியிருந்தேன். அவற்றை வார்த்தையில் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 'எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு'. இதில் இரண்டால் வகுபடுவது எக்ஸும் ஒன்றும் சேர்ந்தா, ஒன்று மட்டுமா? கண்ணுக்குப் பின்னக் கோட்டின் நீளம் சொல்லிவிடும். காதுக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. பின்னம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறித்து எழுதும் முறை வேண்டும். அதற்காகவே 1998-லிருந்து மேத்எம்எல் என்ற கணினிக் குறிமொழி இருக்கிறது, அதில் எழுதிய சமன்பாட்டை ஸ்கிரீன் ரீடர் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்லும், பிரெய்ல் காட்டும் கருவிக்கும் அனுப்பும். பிரெய்லில் கணக்கு எழுதுவதற்கு அதற்கும் வெகு முன்பே, 1952-ல், ஆபிரகாம் நெமத் ஒரு குறிமுறையை வெளியிட்டுவிட்டார். அவரே பார்வையற்றவர், கணக்குப் பேராசிரியர். தனக்கு இல்லாத ஒன்றைத் தானே செய்துகொண்டு, தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் விட்டுப்போனவர். கண் தெரியாத பிள்ளைக்குக் கணக்கு வராது, வேறு பாடம் எடுத்துக்கொள்ளட்டும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

இதுவரை பார்வையைப் பற்றியே பேசிவிட்டேன், என் கதை அங்கே தொடங்கியதால். யுனிசெஃப் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி உலகத்தில் ஏறக்குறைய 24 கோடி குழந்தைகள் ஏதோ ஒரு குறைபாட்டோடு வாழ்கிறார்கள், பத்தில் ஒரு பிள்ளை. அவர்களில் ஒவ்வொருவருக்கும் வாசல் வேறு இடத்தில் அடைத்திருக்கிறது.

காது கேளாத பிள்ளைகளுக்கு வீடியோவில் கேப்ஷன் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தானாக வரும் கேப்ஷனை அப்படியே விட்டுவிடுகிறோம் என்பதுதான் பிரச்சினை. தமிழில் ல, ள, ழ மூன்றும் அதற்கு ஒன்றுதான், அறிவியல் சொற்களை வாய்க்கு வந்தபடி எழுதிவைக்கும். காது கேட்கிற பிள்ளை அந்தப் பிழையைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும், கேளாத பிள்ளைக்கு எழுதியிருப்பதுதான் பாடம். இன்னொன்று எனக்குத் தெரியாமலே இருந்தது. சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. சைகை மொழிக்கு அதற்கே உரிய இலக்கணம் உண்டு, நாம் பேசுவதைக் கையால் காட்டுவது அல்ல அது. அதனால் நீளமான கேப்ஷனைப் படிப்பது அவர்களில் பலருக்குப் பாடத்துக்குமேல் இன்னொரு பாடம். சைகை மொழிபெயர்ப்பாளர் மூலையில் தோன்றும் வீடியோ ஒன்றைச் செய்தோம். நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். பார்த்த மாணவன் ஒருவன் சைகையில் கேட்டதை அவனுடைய ஆசிரியர் எனக்குச் சொன்னார்: "படத்தைப் பாக்கவா, கையைப் பாக்கவா?" இருக்கிறது ஒரு ஜோடிக் கண். நாங்கள் படத்தில் இதயத்தின் அறைகளைச் சுட்டிக்காட்டிய அதே நொடியில் மூலையில் கை அசைந்துகொண்டிருந்தது. இப்போது படத்தைக் காட்டிவிட்டு நான்கைந்து நொடி சும்மா விடுகிறோம், பேச்சும் இல்லை, சைகையும் இல்லை, அதற்கு அப்புறம் விளக்கம் வருகிறது. கேட்கிற பிள்ளைகளும் அந்த நொடிகளில் படத்தை உற்றுப் பார்க்கிறார்கள்.

வீடியோவில் பேசும் ஆசிரியர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். 'இதோ, இது இங்கே போகுது, அப்புறம் இங்கே வருது' என்று சொல்லாதீர்கள். கேட்டுமட்டும் படிக்கிற பிள்ளைக்கு அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. 'அசுத்த ரத்தம் வலது மேலறைக்குள் வருகிறது' என்று சொல்லுங்கள். காசு செலவு இல்லை, கருவி வேண்டாம், வாயால் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் போதும்.

கை அசைவு கட்டுப்படாத பிள்ளைகளின் பக்கம் நான் போனதே தாமதமாகத்தான். எங்கள் பயிற்சிகளில் பாதி, சொல்லைப் பிடித்து இழுத்துப் படத்தின்மேல் விடுகிற வகை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று சொல்லித்தான் செய்தோம். பெருமூளை வாதம் உள்ள ஒரு பையன் அதைச் செய்து பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சொல்லைப் பிடிப்பான், பாதி வழியில் விரல் நழுவும், சொல் பழைய இடத்துக்கே ஓடிவிடும். மறுபடி பிடிப்பான். மேலே 60 நொடி எண்ணிக்கொண்டிருந்தது. நான்கு சொல்லில் ஒன்றைக்கூட அவனால் வைக்க முடியவில்லை, திரையில் 'மீண்டும் முயற்சி செய்' என்று வந்தது. விடை நான்கும் அவனுக்குத் தெரியும், வாயால் எனக்குச் சொன்னான். நாங்கள் சோதித்தது அவனுடைய விரலை. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வது எப்படி என்று சொல்லும் சர்வதேச விதிகள் டபிள்யூசிஏஜி. 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பில் இதற்கே ஒரு விதி சேர்ந்திருக்கிறது, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல் தட்டியும் செய்ய முடிய வேண்டும். நேரக் கட்டுப்பாட்டைப் பற்றியும் அந்த விதிகளில் பழையதிலிருந்தே உண்டு, நேரத்தை நிறுத்தவோ பத்து மடங்குவரை நீட்டவோ வழி இருக்க வேண்டும். இப்போது எங்கள் பயிற்சியில் சொல்லைத் தட்டி, அப்புறம் படத்தைத் தட்டினால் போதும். டேப், என்டர் விசைகளாலும் முழுப் பயிற்சியும் ஓடும். விசைப்பலகையில் ஓடுவது எல்லாமே பெரும்பாலும் ஒற்றைப் பொத்தானை மட்டும் அழுத்தக்கூடிய பிள்ளைகளின் கருவியிலும் ஓடும், கண் பார்வையற்றவளுக்கும் ஓடும். கடிகாரத்தை எடுத்தே விட்டோம், யாரும் கேட்கவில்லை.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. 'சிவப்பில் உள்ளவை தவறு, பச்சையில் உள்ளவை சரி' என்று மட்டும் வைத்தால் நிறக்குருடு உள்ள பிள்ளைக்கு இரண்டும் ஒன்று, பக்கத்தில் ஒரு குறியோ சொல்லோ சேருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். மின்னி மின்னி வருகிற அசைவுகள் வேண்டாம், நொடிக்கு மூன்று தடவைக்குமேல் மின்னக் கூடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள்.

எழுத்து தடுமாறும் பிள்ளைகள், அதாவது டிஸ்லெக்சியா உள்ளவர்கள், வகுப்பில் கண்ணுக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருப்பார்கள். இவர்களுக்கென்று தனி ஃபான்ட் இருக்கிறது, அதைப் போட்டால் போதும் என்று சொல்கிறவர்களை நான் நம்பவில்லை. நான் பார்த்தவரை உதவியது எளிய விஷயங்கள்தான். வரிக்கு வரி இடைவெளி கூட்டுவது. வலது ஓரத்தை நேராக்க இழுக்காமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக விடுவது, தமிழில் சொற்கள் நீளம் என்பதால் இரண்டு பக்கமும் நேராக்கினால் வரிக்கு நடுவில் பெரிய பெரிய பள்ளம் விழும், அந்தப் பிள்ளையின் கண் அதில் விழுந்துவிடும். சொல் வாசிக்கப்படும்போதே அது திரையில் ஒளிர்வது. பாடத்தைக் கேட்டுக்கொண்டே படிக்க முடிந்ததும் ஒருவன் முதல் தடவையாக முழுப் பாடத்தையும் முடித்தான், முடித்துவிட்டு அடுத்த பாடத்தையும் தானே திறந்தான்.

இதையெல்லாம் கூட்டங்களில் சொல்லும்போது எப்போதும் ஒரு கேள்வி வரும். "நம்ம பாடத்தைப் படிக்கிறதுல அப்படி எத்தனை பேர் இருக்காங்க?" முதலில் எண்களைத் தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஒருத்தி இருக்கிறாள், எனக்குத் தெரியும், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்கிறேன். தவிர, திறக்கவே முடியாத பாடத்தை யாரும் படிக்கமாட்டார்கள், அப்புறம் படிப்பவர்களை எண்ணிப் பார்த்து யாருமே இல்லை என்று சொல்வது எந்த நியாயம்?

இரண்டாவது கேள்வி, "முதல்ல எல்லாருக்கும் முடிச்சிடுவோம், அப்புறம் இவங்களுக்குத் தனியா செய்வோமே?" இதைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த 'அப்புறம்' எவ்வளவு நீளம் என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். பாடம் ஜூனில் வரும், அவளுக்கான வடிவம் நவம்பரில் வரும். அதற்குள் இரண்டு தேர்வு போயிருக்கும். ஐநாவின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை 2006-லேயே ஏற்கப்பட்டது, அதன் 24-ஆம் பிரிவு மற்றவர்களோடு சமமாகக் கல்வி பெறும் உரிமையைச் சொல்கிறது. ஐந்து மாதம் தள்ளிக் கொடுப்பதைச் சமம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? புத்தகங்களுக்குப் பதிப்புரிமை ஒரு தடையாக இருந்தது. 2013-ல் மொராக்கோ நாட்டின் மராக்கேஷில் கையெழுத்தான ஒப்பந்தம், பார்வையற்றவர்களும் அச்சைப் படிக்க முடியாத மற்றவர்களும் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்ற உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்ற விதிவிலக்கைச் சட்டத்தில் வைக்கும்படி, சேர்ந்த நாடுகளைக் கேட்டது. 2016-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இருந்தும் ஒரு பதிப்பகத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிடிஎஃப்பைப் பூட்டியிருப்பது திருட்டைத் தடுக்கத்தான், திறந்து தர இயலாது என்று இரண்டு வரி. அந்தப் பூட்டு ஸ்கிரீன் ரீடரையும் சேர்த்து வெளியே நிறுத்தியிருந்தது.

தனியாகப் பின்னால் செய்வது செலவும் அதிகம், இதை அனுபவத்தில் சொல்கிறேன். பழைய பாடங்களைத் திருத்தி முடிக்க எனக்கு ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. புதிய பாடத்தை ஆரம்பத்திலிருந்தே தலைப்பு குறித்து, படம் வைக்கும்போதே அது எதற்கு என்று எழுதி, பேசும்போதே பெயர் சொல்லிப் பேசினால் ஒரு பாடத்துக்குக் கூடுதலாக ஆவது ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். அந்த நேரத்திலும் பெரும்பகுதி படத்தைப் பற்றி யோசிக்கிற நேரம், அதை நான் ஆறு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பாடமும் வெளியே போவதற்கு முன் இப்போது அவளிடம் போகிறது. இப்போது பத்தாம் வகுப்பு. போன மாதம் நீர்ச்சுழற்சிப் பாடத்தின் புதிய வடிவத்தை அனுப்பியிருந்தேன், படங்களைப் புதிதாக வரைந்து, மாற்றுரைகளையும் படத்தைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதியது. மறுநாளே குரல் செய்தி வந்தது.

"டீச்சர், இலையோட மேல்பக்கத்துல இருந்து நீராவி போகுதுன்னு எழுதியிருக்கீங்க. இலைத்துளை கீழ்ப்பக்கம்தான் அதிகம்னு தாவரப் பாடத்துல நீங்களே எழுதியிருந்தீங்க. எது சரி?"

படத்தைத் திறந்து பார்த்தேன். நான் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன், அம்புக்குறி இலையின் மேல்பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது. வரைந்தவர் பார்த்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன், சரிபார்த்த இரண்டு ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள். அவள் சொன்னது சரி என்று பதில் அனுப்பிவிட்டு, அம்புக்குறியைக் கீழ்ப்பக்கம் மாற்றித் தரும்படி வரைபவருக்கு எழுதினேன்.